வாசலில் ஆறு குளியலறைகள்

மாலை ஐந்தே முக்காலுக்கு என் ஜன்னல் வழியாகச் சோப்பு வாசனை வருகிறது. சோப்போடு கொஞ்சம் சீயக்காய், நனைந்த சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி. கம்பெனி வேன் வாசலில் பெண்களை இறக்கிவிட்டுப் போன பத்தாவது நிமிடத்தில் அது ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் கையில் எந்தப் புத்தகம் இருந்தாலும் மூடி வைத்துவிடுவேன். இன்றைக்கும் மூடினேன். மூடிவிட்டு இந்தத் தாளை எடுத்தேன்.

கல்லறைத் திருநாளன்று உன் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். சுற்றிலும் ஆட்கள் நிற்கும்போது கல்லைப் பார்த்துப் பேச எனக்கு வராது. எழுதினால் வரும்.

நீ போய் மூன்று தீபாவளி ஆகிவிட்டது. இங்கே எல்லாரும் தீபாவளியைக் கொண்டுதான் வருஷத்தை எண்ணுகிறார்கள். கிறிஸ்துமஸைக் கொண்டு எண்ணி வளர்ந்த நானும் இப்போது அப்படித்தான் எண்ணுகிறேன். நம் குடியிருப்பில் இருபது வீட்டிலும் விளக்கு எரிகிறது. பன்னிரண்டில் நம்மைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நர்சுகளும். எட்டில் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்கள். ஒரே வாசல், ஒரே சமையலறை. இதை நீ பார்க்கவில்லை. அதனால் ஒழுங்காக, முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இடையில் வரும். குறுக்கே பேசாமல் கேள்.

குறுக்கே பேசுவது உன் பிறவிக் குணம். கான்வென்ட் விடுதியில் சாப்பாட்டு மணி அடித்ததும் நாம் வரிசையில் நின்று கையை நீட்ட வேண்டும். மதர் ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்ப்பார். நகத்தில் மசி இருந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நான் ஒரு நாளும் கடைசிக்குப் போனதில்லை. நீ வாரத்தில் நான்கு நாள் போவாய். “மதர், இது அழுக்கு இல்ல, படிச்சதுக்கு அடையாளம்” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுவதும் கடைசியில் நின்று, அங்கே நிற்கும் சிறு பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். தலைமையாசிரியை ஆன பிறகு அந்த வழக்கத்தை என் பள்ளிக்கும் கொண்டு போனேன். மதிய உணவுக்கு முன் என் பிள்ளைகள் கையைக் காட்டாமல் தட்டைத் தொட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

நீ அதே வருஷங்களில் தீக்காயப் பிரிவில் நின்றாய். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்ற நேரமெல்லாம் நீ பஞ்சும் களிம்புமாக, பட்டாசு ஆலைகள் உள்ள விஸ்வநத்தத்திலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் தூக்கி வரப்பட்டவர்களின் கட்டிலுக்கு முன்னால் நின்றாய். ஓய்வுபெற்ற அன்று மாலை உனக்குப் போட்ட மாலையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாய். “இவங்கள நான் படுத்திருக்கையில மட்டும்தான் பாத்திருக்கேன். நடமாடுறப்பப் பாக்கணும்டி.” அதை நான் களைப்பில் சொன்ன பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் போனபின் பிள்ளைகள் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார்கள். உனக்குக் கல்யாணம் இல்லை. தனித்தனி வீட்டில் தனித்தனியாக வழுக்கி விழுந்து கிடப்பதற்கு, சேர்ந்து ஓர் இடத்தில் இருக்கலாமே என்று பேச்சு எழுந்தது. ஆனைக்குட்டம் போகிற சாலையில் அந்தக் கரிசல் நிலம் கிடைத்தது. உடை மரம் மண்டிக் கிடந்தது. ஆளுக்கு ஒரு சிறிய வீடு. நடுவில் எல்லாருக்குமாக ஒரு சமையலறை, ஒரு சாப்பாட்டுக்கூடம். இரவுச் சாப்பாடு சேர்ந்து. எந்த முடிவும் கூட்டம் போட்டு, எல்லாரும் சம்மதித்து எடுப்பது. இந்த விதிகளை எழுதியவள் நான். அவற்றில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

பன்னிரண்டு வீட்டுக்குப் போக நிலம் மிச்சம் இருந்தது. நான் அங்கே கொய்யாத் தோப்பு வைக்கலாம் என்றேன். நீ அங்கே ஒரு வீட்டுவசதி அறக்கட்டளையைக் கூட்டி வந்து நிறுத்தினாய். பொதுக்கட்டடத்தை அவர்கள் கட்டித் தருவார்கள். எட்டுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு மானியமும் வங்கிக் கடனும் கிடைக்க ஏற்பாடு செய்வார்கள். அந்தக் குடும்பங்களும் நம்மைப் போலவே சங்க உறுப்பினர்கள். நமக்கு ஓர் ஓட்டு என்றால் அவர்களுக்கும் ஓர் ஓட்டு. நிலம் சங்கத்தின் பேரில் இருக்கும், யாரும் லாபத்துக்கு விற்கமுடியாது. நீ இதைச் சொன்ன கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நல்ல கிறிஸ்தவர்கள் நாம், எப்படி எதிர்ப்போம்? எல்லாரும் தலையாட்டினோம். தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

பொதுக்கட்டடம்தான் முதலில் எழும்பியது. வீடுகள் அப்போது வரைபடத்தில் மட்டுமே இருந்தன. கையெழுத்துப் போடுவதற்கு முன் இருபது குடும்பமும் ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று அறக்கட்டளையின் பொறியாளர் பெண் சொன்னாள். சனிக்கிழமை ஐந்தரை மணி என்று நான் நேரம் குறித்தேன். நமக்கெல்லாம் சீக்கிரம் சாப்பிட்டுப் பழக்கம், அவர்களுக்கும் வேலை ஐந்துக்கு முடிந்துவிடும், சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். உனக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, டாக்டர் படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்றிருந்தார். நீ வரவில்லை.

கம்பெனி வேன் நேரே நம் வாசலுக்கே வந்து அவர்களை இறக்கிவிட்டது. மணி அடித்தேன். இலை போட்டாயிற்று. உள்ளே மூன்று அடுப்பில் வேலை நடந்துகொண்டிருந்தது. அவர்கள் மட்டும் வாசலுக்கு வெளியே ஓர் உடை மரத்தடியில் கூட்டமாக நின்றார்கள். “வாங்க, உள்ளே வாங்க” என்று இரண்டு முறை கூப்பிட்டேன். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் மாரியம்மாள் மட்டும் படிவரைக்கும் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியாக, நிமிர்ந்த நடையோடு இருப்பார். எட்டுக் குடும்பத்துக்காகவும் பேசுகிறவர் அவர்தான். நான் கூடத்தின் வாசலில் நின்றிருந்தேன். ஒரு வாழ்நாள் பழக்கம். என் கண் தானாக அவர் கைக்குப் போனது. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை வெள்ளி பூசியதுபோல் மின்னியது.

“கையைக் கழுவிட்டு வாங்க” என்றேன். பள்ளிக்கூடக் குரலில்தான் சொல்லியிருப்பேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “கழுவுனாப் போகாது டீச்சரம்மா. நாங்க இன்னொரு நாளைக்கு வாறோம்” என்றார். கோபமே இல்லாத குரல். எட்டுக் குடும்பமும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்து போனது. அவர்களுக்குப் போட்ட இலைகளை நான்தான் எடுத்தேன்.

அன்று தேவசகாயம் சார்தான் முதலில் பேசினார். உனக்கு அவரைத் தெரியும், சரித்திர வாத்தியார், வாக்கியத்துக்கு வாக்கியம் தொண்டையைக் கனைப்பவர். “வர விருப்பமில்லன்னா விட்ருங்க டீச்சர். அவுங்க பக்கத்துக்குத் தனியா ஒரு வாசல், ஒரு சமையல்கட்டு குடுத்துருவோம். நடுவுல ஒரு சுவர். அவுங்களுக்கும் கூச்சம் இருக்காது, நமக்கும் பாதுகாப்பு.” அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய தம்பி பட்டாசு ஆலை விபத்தில் போனவர். நெருப்பு என்ற சொல்லைக் கேட்டாலே சாருக்கு முகம் மாறிவிடும். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு வாசல், ஒரு சுவர் என்று அழகான கையெழுத்தில் தீர்மானம் எழுதி, வழிமொழிந்து கையெழுத்தும் போட்டேன்.

பொறியாளர் பெண் அதைப் படித்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னாள். “சுவர் வந்தா இது ரெண்டு காலனி மேடம். எங்க ஒப்பந்தம் ஒரு குடியிருப்புக்குத்தான். இந்தத் தீர்மானம் நிறைவேறினா நாங்க விலகிக்கிறோம். அந்த எட்டுக் குடும்பத்துக்கும் வீடு இல்லாமப் போகும்.” அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். எட்டு வீடு எழும்புமா எழும்பாதா என்பது என் கையிலிருந்த ஒரு தாளில் நின்றது.

அந்தத் தாளோடு உன்னிடம் வந்தேன். மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து படித்தாய்.

“எழுத்து முத்து முத்தா இருக்கு. மாரி ஏன் உள்ள வரல?”

“கை கழுவச் சொன்னதில் கோபம்.”

“அவ வீட்டப் பாத்திருக்கியா?”

“இல்லை.”

“அப்பறம் என்னத்த எழுதிக் கொண்டுவந்த?”

உனக்குக் காரணம் தெரியும் என்று உன் முகமே சொன்னது. சொல் என்றேன். “சொல்லமாட்டேன். நான் சொன்னா அது நர்சம்மா சொன்னதாப் போயிரும். நீ விஸ்வநத்தம் போ. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போ. சும்மா நில்லு. வாயத் தொறக்காத, உன்னால முடிஞ்சா.” எனக்கு வந்த கோபத்தில் உன் வீட்டுக் காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். நம் நட்பில் அது ஒன்றுதான் நான் குடிக்காமல் வைத்த காப்பி.

ஆனாலும் போனேன். திங்கட்கிழமை ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் மாரியம்மாள் குடியிருக்கும் காம்பவுண்டுக்குள் நின்றேன். ஒற்றை அறை வீடுகள் ஆறு, வரிசையாக. ஒரே குழாய். தகரக் கதவு போட்ட குளியலறை ஒன்று, பழைய சேலையைக் கட்டி மறைத்த குளியலிடம் ஒன்று. வேலைக்குப் போகாத ஒரு முதியவர் வீடு வீடாகப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். என்ன பார்க்கிறார் என்று விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. வேன் சத்தம் கேட்பதற்கு முன் ஆறு வீட்டு அடுப்பும் அணைந்திருக்க வேண்டும். கொதித்துக்கொண்டிருந்த குழம்பு பாதியில் நின்றது. சாமி விளக்குகூட அணைந்தது.

வேன் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை, கதவைக்கூடத் தொடவில்லை. நேரே குளியலிடத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். செல்வி என்று ஓர் இளம்பெண். அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை அம்மாவைக் கண்டதும் ஓடி வந்தது. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். “கிட்ட வராத தங்கம், அம்மா இன்னும் குளிக்கல. இந்தா, ஒரு நிமிசம், ஒரே நிமிசம்.” குழந்தை அழுதது. வரிசையில் நின்ற பெண்கள் அவளை முன்னால் விட்டார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. நீ சொன்னதற்காக அல்ல. என் கண் அந்தத் தூக்கிய கைகளிலேயே இருந்தது.

மாரியம்மாள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார். கையில் வெள்ளி அப்படியே இருந்தது. “வாங்க டீச்சரம்மா! அம்புட்டு நேரமா நின்னுக்கிட்டா இருக்கீக? ஏ செல்வி, அந்த ஸ்டூலை எடுத்துப் போடு.”

“அன்றைக்கு ஏன் உள்ளே வரல?” என்றேன்.

“உள்ள மூணு அடுப்பு எரிஞ்சுச்சுல்ல? நாங்க வேன்ல இருந்து நேரா எறங்குனவுக. சேலையில வெடிமருந்து, தலையில வெடிமருந்து. அதோட எப்புடி வாறது? நீங்க கையப் பாத்தீக. கையில இருக்கது அலுமினியப் பவுடரு, சாயம் மாதிரி தோலுல ஏறிருச்சு, அது கெடக்கு. சேலையில இருக்கதுதான் பத்தும்.”

“அங்கேயே சொல்லியிருக்கலாமே மாரியம்மாள்.”

“அம்புட்டுப் பேரு எலைக்கு முன்னால உக்காந்திருக்கையில நெருப்பப் பத்தி வாயத் தெறந்தா என்ன ஆகும்? பாத்தியா, இவளுகளால ஆபத்துன்னு ஆயிரும்ல? அதான் பேசாம வந்துட்டோம்.” தலைமுடியைத் துண்டால் தட்டிக்கொண்டே தொடர்ந்தார். “இன்னொண்ணும் சொல்லிருதேன், கோவிச்சுக்கிடாதீக. பிளான் காட்டுனீகள்ல, அதுல எங்க வீடு கடைசி வரிசை. சமையக்கட்டத் தாண்டித்தான் போகணும். வாசல்ல ஒரு குளியல் ரூம் இல்ல. தெனமும் நாங்க எப்புடித் தாண்டிப் போவோம்? இவுக இங்கன வந்து இருக்கப்போறாகன்னு நெனச்சுப் போட்ட பிளான் இல்ல டீச்சரம்மா அது. எடம் மிச்சம் கெடக்கு, குடுப்போம்னு போட்டது.”

அந்த வரைபடத்தை மூன்று முறை சரிபார்த்தவள் நான். சமையலறை ஜன்னலின் உயரம்வரை திருத்தியவள். வாசலுக்கு இரண்டு பக்கமும் ரோஜாப் பாத்தி போட்டவளும் நான்தான். மன்னிப்பு என்ற சொல் எனக்குச் சுலபத்தில் வராது, உனக்குத் தெரியும். அன்று வந்தது. “அட, விடுங்க டீச்சரம்மா. காப்பி குடிக்கீகளா? இப்ப அடுப்புப் பத்த வைக்கலாம்” என்றார் மாரியம்மாள்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேரே உன்னிடம் வந்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் நீ சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி மறுபடி சிரித்தாய். “மதர் இருந்திருந்தா இன்னைக்கு உன்னத்தான் கடைசிக்கு அனுப்பியிருப்பாக.” பிறகு வரைபடத்தை வாங்கிப் பார்த்தாய். ரோஜாப் பாத்தியின் மேல் விரலை வைத்தாய். “இங்கனயா?” ஆமாம், பாத்தியை எடுத்துவிட்டு நாலு குளியலறை போடலாம் என்றேன். “நாலு ரூம் பத்தாது. சீசன்ல வரிசை நிக்கும். ஆறு போடச் சொல்லு.” அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்ன வேலை.

வியாழக்கிழமை நீ போனாய். வெள்ளிக்கிழமை அடக்கம். எட்டுக் குடும்பமும் வந்திருந்தது. வேலைக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, குளித்து, ஈரம் காயாத தலையோடு கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம் நின்றார்கள். ஆண்களில் இரண்டு பேர் உன் வார்டில் கிடந்து எழுந்தவர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பெட்டியைச் சுமக்க ஆள் தேடவேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு கூட்டம் நடந்தது. தள்ளிவைக்கலாம் என்றார்கள், நான் விடவில்லை. தேவசகாயம் சார் சுவர் தீர்மானத்தை வாசித்தார். வழிமொழிந்தவர் என்று என் பெயரைச் சொன்னார். நான் எழுந்தேன். வழிமொழிந்ததைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். படியில் நின்று கை பார்த்ததைச் சொன்னேன். விடுதியில் மதர் நம் கையைப் பார்த்ததையும், அழுக்குக் கை வரிசையின் கடைசிக்குப் போனதையும் சொன்னேன். விஸ்வநத்தத்தில் அணைந்த ஆறு அடுப்பைச் சொன்னேன். என் வாழ்நாளில் இத்தனை பேர் முன்னால் நான் தவறு செய்தேன் என்று சொன்னது அதுவே முதல் முறை.  

சார் உட்கார்ந்தபடியே பேசினார். அன்று தொண்டையைக் கனைக்கவில்லை. “டீச்சர், என் தம்பிய நான் துணியில கட்டி வாங்கிட்டு வந்தவன். எனக்கு ஒரு சுவர் வேணும். அவ்வளவுதான்.”

மாரியம்மாள்தான் எழுந்தார். “எங்க வீட்லயும் ஆள் போயிருக்கு சார். உங்களுக்குள்ள பயம் எங்களுக்கும் இருக்கு. ஆனா சுவரு நெருப்ப நிறுத்தாது. குளியல்தான் நிறுத்தும். மாத்துச் சேலைதான் நிறுத்தும். ஒரு நிமிசம் என்கூடச் சமையக்கட்டுக்கு வாறீகளா? எல்லாரும் வாங்க.”

நாங்கள் எல்லாரும் போனோம். அவர் எதையும் தொடவில்லை, விரலை மட்டும் நீட்டினார். “சிலிண்டரு அடுப்புக்கு நேர் கீழ இருக்கு. டியூபு விரிசல் விட்டிருக்கு. தீப்பெட்டி எண்ணெய்க் கேனுக்குப் பக்கத்துல. இந்தா, இயேசு படத்துக்கு முன்னால மெழுகுவர்த்தி, அதுக்கு மேலயே திரைச்சீலை தொங்குது. எங்க கம்பெனியில யாராவது இப்புடி வச்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாக சார். அந்த மெழுகுவர்த்திய யாரு வச்சா?”

“நான்தான்” என்றார் தேவசகாயம் சார்.

முதலில் சிரித்தது அவருடைய மனைவி. பிறகு எல்லாரும். பிறகு சாரே சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் நான் எழுதிய தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “நல்ல கையெழுத்து டீச்சர். வீணாப் போச்சு” என்றார். சுவர் வேண்டாம், வாசலில் ஆறு குளியலறை, வேலைச் சேலையை மாற்றி வைக்க மதிலுக்கு வெளியே ஒரு கொட்டகை, கடைசி வரிசை என்று ஒன்று இல்லாமல் இருபது வீட்டுக்கும் குலுக்கல். எல்லாக் கையும் உயர்ந்தது. பொறியாளர் பெண் அங்கேயே ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினாள்.

குலுக்கலில் எனக்கு மாரியம்மாள் வீட்டுக்கும் செல்வி வீட்டுக்கும் நடுவில் விழுந்தது. நான் ஏற்பாடு செய்ததாகச் சிலர் சொன்னார்கள். குலுக்கலில் நான் ஏமாற்றமாட்டேன் என்று உனக்குத் தெரியும். உனக்கென்று இருந்த வீட்டுக்கு மதுரையிலிருந்து ஒரு நர்ஸ் வந்திருக்கிறார். உன்னைவிட நன்றாகச் சமைக்கிறார். சொல்லிவிட்டேன்.

புகுந்த அன்று அவர்கள் பால் காய்ச்சினார்கள், நம்மவர்கள் ஜெபம் செய்தார்கள். எது முதலில் என்று ஒரு சின்னத் தகராறு. பால் பொங்கும்வரை ஜெபம், பொங்கியதும் ஆமென் என்று சார் தீர்ப்புச் சொன்னார். நீளமாக ஜெபிக்கத் தயாராக வந்த நம் சுவிசேஷகரைப் பால் நிறுத்தியது, எங்களைக் காப்பாற்றியது.

அன்று மாலைதான் முதல் சாப்பாடு. ஆறேகால் மணி என்று மாற்றிவிட்டேன். வேன் வந்தது. ஆறு கதவும் திறந்தன, மூடின. தண்ணீர் விழுந்த சத்தம் கூடம்வரை கேட்டது. சமையலறையில் எல்லா அடுப்பும் எரிந்துகொண்டிருக்க, அவர்கள் வேறு சேலையில், ஈரத்தலையோடு, வாசலிலிருந்து நேரே நடந்து உள்ளே வந்தார்கள். செல்வியின் குழந்தை இடுப்பில் இருந்தது. நான் கூடத்து வாசலில் நின்றேன். கையை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே முகத்தை மட்டும் பார்த்தேன்.

மாரியம்மாள் விடுவாரா? என் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். “என்ன டீச்சரம்மா, கை பாக்கலையா?” கூடமே திரும்பிப் பார்த்தது. “அப்ப உங்க கையக் காட்டுங்க. நாங்க பாக்கோம்.” காட்டினேன். மத்தியானம் முழுக்க வாழைப்பூ ஆய்ந்த கை. விரலெல்லாம் கறுத்துக் கிடந்தது. அவர் மதரைப் போலவே ஒவ்வொரு கையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ம்ஹூம். கடைசிக்குப் போங்க.”

போனேன். எழுபது வயதுக்கு மேல், முதல் முறையாகச் சாப்பாட்டு வரிசையின் கடைசியில் நின்றேன். அங்கே செல்வியின் குழந்தையும் தேவசகாயம் சாரும் நின்றிருந்தார்கள், சாருக்கு எப்போதும் எல்லாவற்றிலும் தாமதம். கடைசியில் நின்றால் பேசிக்கொண்டே நிற்கலாம். எல்லார் முதுகும் தெரியும். யார் யாரோடு சிரிக்கிறார்கள் என்பதும் தெரியும். விடுதியில் நீ அங்கே நின்று என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாம்பார் ஆறிப்போயிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

இப்போது சங்கத்துக்குத் தலைவி மாரியம்மாள். போன கூட்டத்தில் நான் முன்மொழிந்தேன், சார் வழிமொழிந்தார். சமையலறையில் அவர் வைத்ததுதான் சட்டம். வெளியிலிருந்து எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் சார் வாசலிலேயே நிறுத்தி, “கம்பெனியில இருந்து வாறீகளா? அப்ப முதல்ல குளியுங்க” என்கிறார். போன மாதம் ஓர் ஆலை முதலாளியையே அப்படி நிறுத்தினார். அவர் சிரித்துக்கொண்டே குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

நேற்று மல்லாங்கிணறுக்குப் போய்வந்தோம், மாரியும் நானும். ஆமாம், இப்போது மாரி என்றுதான் கூப்பிடுகிறேன். அங்கே இதைப் போல ஒரு குடியிருப்பு கட்ட அதே அறக்கட்டளை ஏற்பாடு செய்கிறது. நம்மைப் பார்த்துத்தான். பஸ்ஸில் போகும்போதே என்ன பேசவேண்டும் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அங்கே ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் மேசையில் வரைபடத்தை விரித்தார். வாசலில் ஆறு குளியலறை, நம்முடையதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். “உங்க மாடலை ஒரு அங்குலம் மாத்தலை மேடம்” என்று பெருமையோடு சொன்னார். எனக்கும் ஒரு கணம் உச்சி குளிர்ந்தது.

பிறகு அந்த அறையைப் பார்த்தேன். வீடு வாங்கப்போகிற குடும்பங்கள் பின்னால் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பட்டாசு வேலைக்காரர்கள் இல்லை. மானாவாரிக் காட்டில் கூலி வேலை செய்கிறவர்கள். என் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, என் நாற்காலியைத் தூக்கிப் போய் அவர்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். முன்னால் நீலச் சேலை கட்டிய ஒரு பெண்.

“வேலை முடிஞ்சு சாயங்காலம் வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?” என்றேன்.

அவர் மேலாளரைப் பார்த்தார், மாரியைப் பார்த்தார். மாரி, “சொல்லுங்க மதினி, டீச்சரம்மா கடிக்கமாட்டாக” என்றார்.

“மொதல்லயா? ஆட்டக் கட்டணும். எங்கள்ல எல்லார் வீட்லயும் ரெண்டு மூணு ஆடு இருக்கு. இந்தப் பிளான்ல ஆட்ட எங்கன கட்ட?”

மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மாரி என் தோளில் ஒரு தட்டுத் தட்டிச் சத்தமாகச் சிரித்தார். நான் மேசையிலிருந்த வரைபடத்தை எடுத்துவந்து அந்தப் பெண்ணின் மடியில் விரித்து, என் பேனாவை மூடி கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் பேனாவைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, வாசலுக்குக் கிழக்கே ஒரு பெரிய கோணல் வட்டம் போட்டார். பக்கத்திலிருந்தவர்கள் அது பத்தாது என்றார்கள். இன்னும் பெரிதாகப் போட்டார்.

நாற்பது வருஷம் பதில் தெரிந்த கேள்விகளை மட்டுமே கேட்டுப் பிழைத்தவள் நான். இன்று என் பையில் பதில் தெரியாத கேள்வி ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். முழங்கால் வலிக்கிறது, பஸ் படி உயரமாக இருக்கிறது, மாரி பின்னாலிருந்து ஏற்றிவிடுகிறார். அடுத்த திங்கள் மறுபடி மல்லாங்கிணறு. ஆடுகளை எண்ண வேண்டும்.